கப்பல்கள் கைவிட்ட விடுதி

1860 மே 22. இலங்கையின் காலித் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்ற பி அண்ட் ஓ கம்பெனியின் ‘மலபார்’ கப்பலைப் பருவக்காற்று பாறைகளை நோக்கித் தள்ளிக்கொண்டு போயிற்று. கப்பலில் பிரிட்டனின் தூதர் எல்ஜின் பிரபு இருந்தார்; பிரான்சின் தூதர் குரோ பிரபுவும் இருந்தார். சீனப் பேரரசைப் பணியவைக்கப் புறப்பட்டவர்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பெட்டி பெட்டியாகப் பணமும் மூட்டை முடிச்சுகளும் கடலுக்குள் போயின. சுழியோடிகளை இறக்கித்தான் மீட்க வேண்டியிருந்தது. அடுத்த கப்பல் ஏறும்வரை சுமார் இரண்டு வாரம் இருவரும் அந்தச் சிறு கோட்டை நகரத்தில் முடங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பெய்ஜிங்கின் கோடை அரண்மனைக்குத் தீ வைக்கச் சொன்னவர் இந்த எல்ஜின்தான்.

தூதர்களுக்கு நேர்ந்தது விபத்து. சாதாரணப் பயணிகளுக்கோ காலியில் காத்திருப்பது வழக்கமான காரியம். அந்தக் காத்திருப்பை நம்பித்தான், மலபார் மூழ்கி மூன்று ஆண்டுகளுக்குள், கோட்டைக்குள் இருந்த பழைய ஒல்லாந்தர் கட்டடம் ஒன்று விடுதியாக மாறியது. ஓரியண்டல் ஹோட்டல் என்று தொடங்கி, நியூ ஓரியண்டல் ஹோட்டல் என்று நெடுங்காலம் நின்று, இன்று அமன்கல்லா என்ற பெயரில் உலகப் பணக்காரர்களுக்கு அறை கொடுக்கும் கட்டடம் அது.

கட்டடத்தின் வயது விடுதியின் வயதைவிட ஏறக்குறைய இரு நூறு ஆண்டு கூடுதல். 1640இல் போர்த்துக்கீசியரிடமிருந்து காலியைப் பிடித்த ஒல்லாந்தர், 1663 முதல் கோட்டை மதிலை விரித்துக் கட்டினார்கள். உள்ளே நேர்கோடான தெருக்கள், களஞ்சியங்கள், கடலின் ஏற்றவற்றம் கழுவிச் செல்லும்படி அமைத்த செங்கல் வடிகால்கள். இன்று சர்ச் வீதி எனப்படும் தெருவில் தளபதிக்கும் அலுவலர்களுக்குமாக 1684இல் எழுப்பிய கட்டடம்தான் பின்னாளில் விடுதியானது. பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர், உயர்ந்த கூரை, தெருப்பக்கம் நீண்டு ஓடும் தாழ்வாரம் என்று வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் ஏற்ற அமைப்பு. பக்கத்திலேயே 1755இன் ஒல்லாந்தர் தேவாலயம். 1796இல் பிரிட்டிஷார் வந்தபின் அந்த அலுவலர் கட்டடம் சிப்பாய்கள் தங்கும் இடமாயிற்று.

சிப்பாய்கள் இருந்த கட்டடத்துக்கு விருந்தினரைக் கொண்டுவந்தது நிலக்கரி. 1842இல் பி அண்ட் ஓ கம்பெனியின் ‘ஹிந்துஸ்தான்’ சௌத்தாம்ப்டனிலிருந்து கிளம்பி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கல்கத்தா வந்து சேர்ந்தது. அதன்பின் சூயஸ்–கல்கத்தா தடம் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. கால்வாய் இன்னும் வெட்டப்படாத காலம். லண்டன் பயணி அலெக்சாந்திரியாவில் இறங்கி, எகிப்தைத் தரைவழியே கடந்து, சூயஸில் மறுபடி கப்பல் ஏறுவார். ஏடனுக்கு அடுத்த பெரிய நிறுத்தம் காலி. அங்கே தடம் கிளைபிரிந்தது. ஒரு கப்பல் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போகும். இன்னொன்று பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங். பின்னாளில் மற்றொன்று ஆஸ்திரேலியா. இணைப்புக் கப்பல் கரி ஏற்றி முடிக்கவில்லை, புயலில் தாமதம், தபால் மூட்டை வரவில்லை என்று ஏதாவது ஒரு காரணத்தால் பயணிகள் ஒரு நாளோ ஒரு வாரமோ இங்கே கிடப்பார்கள்.

செய்தியும் இங்கேதான் முதலில் இறங்கியது. ஐரோப்பியத் தபால் காலியில் வந்தவுடன் அதன் சாரத்தைக் கொழும்புக்கு அனுப்ப, ‘அப்சர்வர்’ பத்திரிகை 1850இல் புறாக்களைப் பழக்கியது. 72 மைல் தூரம். 1858இல் தந்திக்கம்பி வந்தபின் புறாக்களுக்கு வேலை போயிற்று. லண்டன் விலைவாசியும் கிரிமியப் போர்ச் செய்தியும் தலைநகருக்கு முன்பே தெரிந்த ஊர் அது.

கோட்டைக்குள் இறங்கும் பயணியை முதலில் சூழ்ந்துகொண்டவர்கள் வியாபாரிகள். அக்காலப் பயண நூல்களில் காலி என்றாலே விடுதித் தாழ்வாரமும் அதன் வியாபாரமும்தான் வருகின்றன. ஆமையோட்டுச் சீப்பு, கருங்காலி யானை, கையால் பின்னிய லேஸ், எல்லாவற்றுக்கும் மேலாக ரத்தினக் கற்கள். நீலக்கல் என்று சொல்லி வண்ணக் கண்ணாடியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற புலம்பலும் அந்த நூல்களில் தவறாமல் இருக்கும். கோட்டையில் ரத்தின வணிகம் பெரும்பாலும் இலங்கைச் சோனகர் கையில் இருந்தது; அவர்கள் வீட்டுமொழி தமிழ். வெள்ளைக்காரப் பயணியிடம் ஆங்கிலத்தில் சொன்ன விலை, தங்களுக்குள் தமிழில் கலந்து முடிவான விலையாகவே இருந்திருக்கும்.

காலியில் தமிழின் இருப்புக்கு இதைவிடப் பழைய சான்று உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தையொட்டி 1409ஆம் ஆண்டு தேதியிட்டுச் செதுக்கிய கல்வெட்டு, 1911இல் காலியில் ஒரு மதகை மூடிய பலகையாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கும் காணிக்கைகளைச் சொல்கின்றன. கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். இந்தக் கடலோர வணிகத்தில் எந்தெந்த மொழிக்காரர்கள் எதிரே வந்து நிற்பார்கள் என்பது அந்தக் கல்லை அனுப்பியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒல்லாந்தர் கட்டடமும் துறைமுகமும் இருந்தால் போதும், விடுதி தானாக முளைத்துவிடும் என்று எண்ணத் தோன்றும். தமிழகக் கரையைப் பார்த்தால் அப்படியில்லை. கல்வராயன் மலையில் பிறந்து கள்ளக்குறிச்சிச் சீமையை நனைக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையருகே கடலைத் தொடுகின்றன. அந்தப் பரங்கிப்பேட்டையில் போர்த்துக்கீசியர் இருந்தார்கள், ஒல்லாந்தர் பண்டகசாலை வைத்தார்கள், பிரிட்டிஷ் காலத்தில் ஜோசையா மார்ஷல் ஹீத் 1830களில் இரும்பு உருக்காலை நடத்தினார். ஆனாலும் காலியைப் போன்ற ஒரு விடுதி அங்கே எழவில்லை. நீராவிக் கப்பல் காலியை விட்டால் சென்னையில்தான் நின்றது. நடுவில் இருந்த பழைய துறைகளை எட்ட இருந்தே கடந்து போயிற்று. யாரும் கப்பல் மாற வேண்டியிராத ஊரில் விடுதிக்கு வேலை இல்லை.

உள்நாட்டில் தங்குமிடத்தின் கணக்கு வேறு. அங்கே கப்பலுக்குப் பதில் சாலை. ஒரு நாள் நடைக்கு ஒரு சத்திரம். வெள்ளைக்கார அதிகாரிக்கு ஒரு பயணியர் பங்களா. 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் சாலைகளைப் பற்றிய பகுதியிலேயே பங்களாக்களும் சத்திரங்களும் பேசப்படுகின்றன. அன்று கள்ளக்குறிச்சி அந்த மாவட்டத்தின் வட்டங்களில் ஒன்று. பங்களாவை அரசும் உள்ளாட்சியும் பராமரித்தன. சத்திரத்தை அறக்கட்டளைச் சொத்து காத்தது. வருமானம் குறைந்தாலும் அவை கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். காலி விடுதியோ தனியார் முதலில் எழுந்த கடை. கப்பல் அட்டவணை மாறினால் கல்லாப்பெட்டி காலி.

அட்டவணை மாறியது. காலித் துறைமுகம் அழகானது. ஆனால் மாலுமிகளுக்கு அச்சமூட்டுவது. தென்மேற்குப் பருவக்காற்றுக்குத் திறந்து கிடந்தது, நீருக்கடியில் பாறைகள். 1871 நவம்பரில் ஆஸ்திரேலியத் தபாலோடு புறப்பட்ட ‘ரங்கூன்’ துறைமுக வாயிலிலேயே பாறையில் மோதி மூழ்கியது. அதற்குள் 1869இல் சூயஸ் கால்வாய் திறந்துவிட்டது. கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போயின. மலைநாட்டுக் காப்பி கொழும்பு வழியாகத்தான் வெளியேறியது. ஆளுநர் வில்லியம் கிரெகரி காலியைச் செப்பனிடுவதைவிடக் கொழும்பில் புதிய துறைமுகம் கட்டுவது மேல் என்ற பக்கம் நின்றார். 1875 டிசம்பர் 8 அன்று வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதடுப்புச் சுவருக்கு முதல் கல்லை வைத்தார். 1885இல் வேலை முடிந்தது. அது முடியும்வரைகூட பி அண்ட் ஓ பொறுத்திருக்கவில்லை. 1880களின் தொடக்கத்திலேயே இடம் மாறிவிட்டது.

அந்த 1875இலேயே கொழும்புத் துறைமுக வாசலில் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் திறந்தது. சுவரின் முதல் கல்லும் விடுதியின் முதல் விருந்தினரும் ஒரே ஆண்டில் வந்தார்கள் என்றால், முதலாளிகள் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முன்பே கணித்திருந்தார்கள். 1890 நவம்பரில் சகலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் இலங்கை வந்த ரஷ்ய எழுத்தாளர் ஆண்டன் செக்கோவ் இறங்கியது காலியில் அல்ல, கொழும்பில். இருபது ஆண்டு முன்னால் வந்திருந்தால் அவரும் காலித் தாழ்வாரத்தில் ரத்தின வியாபாரியிடம் சிக்கியிருப்பார்.

காலியில் நியூ ஓரியண்டல் மூடிவிடவில்லை. சில சரக்குக் கப்பல்கள், தென் மாகாணத் தோட்டக்காரர்கள், வழக்குக்கு வரும் வக்கீல்கள், 1894இல் ரயில் வந்தபின் கொழும்பிலிருந்து ஓய்வுக்கு வருபவர்கள் என்று வருமானம் சொட்டுச் சொட்டாக வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி விடுதி எஃப்ராம்ஸ் என்ற, ஐரோப்பிய வம்சாவளிப் பர்கர் குடும்பத்தின் கையில் இருந்தது. அக்குடும்பத்தின் நெஸ்டா புரோகியர் 1905இல் அந்த விடுதியிலேயே பிறந்து, முதுமையில் 1990கள் வரை அதை நடத்தினார். 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு பர்கர்களில் ஏராளமானோர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர் இருந்துவிட்டார்.

மராமத்துக்கே திணறும் விடுதியில் புதிய மாடி எழுப்பவோ, தாழ்வாரத்தை அடைத்துக் கண்ணாடி போடவோ, மரத் தரையைப் பெயர்த்து மொசைக் பதிக்கவோ பணம் இல்லை. 1970களிலும் 80களிலும் முதுகுப்பையோடு வந்த மேலைநாட்டு இளைஞர்கள் மலிவு வாடகைக்குப் பழங்காலக் கட்டிலில் படுத்தார்கள். நாற்காலி, அலமாரி, கொசுவலைச் சட்டம் எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. பார்த்தவர்கள் பராமரிப்புக் குறை என்றார்கள். குறைதான். ஆனால் பதினேழாம் நூற்றாண்டுச் சுவரையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறைகளையும் இருபதாம் நூற்றாண்டின் இடிப்பிலிருந்து காத்தது அந்தக் குறையே.

வருமானம் கொழித்த விடுதிகளின் கதையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். காலி விடுதிக்கு ஓராண்டு இளையது கொழும்பின் கால்ஃபேஸ் ஹோட்டல், 1864. கப்பல் பயணிகள் பெருகப் பெருக அதை விரித்துக் கட்டிக்கொண்டே போனார்கள். 1894இல் வந்த பெரிய முகப்புதான் இன்று எல்லாரும் படம் எடுப்பது. சென்னையின் கன்னிமராவும் அப்படித்தான். 1850களில் இம்பீரியல் என்ற பெயரில் தொடங்கி, 1890 வாக்கில் ஆளுநர் கன்னிமராவின் பெயரைப் பெற்று, ஸ்பென்சர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1930களில் ஆர்ட் டெக்கோ பாணியில் ஏறக்குறையப் புதிதாகவே கட்டினார்கள். 1970களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா மறுபடி மாற்றியமைத்தார். ஒவ்வொரு செழிப்பும் முந்தைய விடுதியில் ஒரு பகுதியை விழுங்கியிருக்கிறது. அதே பாவா 1990களில் காலியில் லைட்ஹவுஸ் ஹோட்டலைக் கட்டியபோது, கோட்டைக்கு வெளியே, கடற்பாறை மேல் புதிதாகக் கட்டினார்.

வறுமை கட்டடத்தைக் காக்கும் என்பதற்குத் தரங்கம்பாடியும் சான்று. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் அமைத்த ஊர், 1845இல் பன்னிரண்டரை லட்ச ரூபாய் உடன்படிக்கையில் பிரிட்டிஷார் வசம் வந்தது. உடனே தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமும் ஆனது. அந்த வாழ்வு 1860 வரைதான். கலெக்டர் தஞ்சாவூருக்குப் போனார், ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது, தரங்கம்பாடி தூங்கிவிட்டது. அந்தத் தூக்கத்தில் இடிபடாமல் தப்பிய கடற்கரைப் பங்களாவைத்தான் நீம்ராணா நிறுவனம் பின்னாளில் சீரமைத்து விடுதியாக்கியது.

காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் தாழ்வாரமும் சாய்வு நாற்காலியும் கிடைத்ததில்லை. காலித் துறையில் முதல் வகுப்புப் பயணிகள் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே இலங்கையின் வடமேற்குக் கரையில் மலைநாட்டுத் தோட்டங்களுக்கான தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். திருச்சி, சேலம், தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களின் வறண்ட வட்டங்களிலிருந்து கங்காணியின் முன்பணத்தை நம்பிக் கிளம்பியவர்கள். கல்வராயன் மலையடிவாரம் இந்த மாவட்டங்களில் இரண்டின் எல்லையில் கிடந்தது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கியபின் அவர்கள் காத்திருந்த இடம் மண்டபம் முகாம். இலங்கை அரசு நடத்திய அந்த முகாமில் மருத்துவச் சோதனை, தடுப்பூசி, சில நாள் தனிமைக் காவல் எல்லாம் முடிந்தால்தான் கடல் கடக்கலாம்.

மண்டபத்தில் காத்திருப்பு ஓயவே இல்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அந்தத் தோட்டத் தமிழர்களின் வழிவந்தோரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. திரும்பியவர்கள் வந்திறங்கிய வழியும் மண்டபம்தான். 1983க்குப் பிறகு அகதிகள் வந்தார்கள். தமிழக அரசு 2021இல் இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. விடுதியின் நூற்றைம்பது ஆண்டுக் கதையை எழுதப் பயணக் குறிப்புகளும் புகைப்படங்களும் விளம்பரங்களும் இருக்கின்றன. முகாமின் நூறாண்டுக் கதைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அரசின் பதிவேடுகள்.

காலி விடுதியின் ஏழ்மைக்கு விலை கிடைத்தது இரண்டு நிகழ்வுகளால். 1988இல் யுனெஸ்கோ காலிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2002 பிப்ரவரியில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த இடைவெளியில் வெளிநாட்டார் கோட்டைக்குள் பழைய வீடுகளை வாங்கத் தொடங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் சில நல்ல விலைக்கு விற்றுவிட்டு வெளியே போயின. தாய்லாந்தின் புக்கெட்டில் 1988இல் தொடங்கிய அமன் நிறுவனம் நியூ ஓரியண்டலை எடுத்துக்கொண்டது. ஆஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் கெர்ரி ஹில் சீரமைத்தார். அவர் செய்ததில் பெரும்பகுதி, இருந்ததைச் சுத்தம் செய்து வலுப்படுத்தியது: தேய்ந்த மரத்தரை, நீண்ட கூடம், தெருவைப் பார்த்த தாழ்வாரம்.

திறப்பு நேரத்தில் வந்தது ஆழிப்பேரலை. 2004 டிசம்பர் 26 அன்று காலி நகரின் பேருந்து நிலையம், கடைவீதி, கிரிக்கெட் மைதானம் எல்லாவற்றையும் கடல் புரட்டிப் போட்டது. கோட்டைக்குள் இருந்தவர்களையும் கட்டடங்களையும் ஒல்லாந்தர் மதில் பெருமளவு காத்தது. பீரங்கிக்காகக் கட்டிய சுவர் அலைக்கு நின்றது. மைதானத்தில் மறுபடி டெஸ்ட் ஆட்டம் நடக்க 2007 டிசம்பர் ஆயிற்று.

இன்று அந்தத் தாழ்வாரத்தில் தேநீர் அருந்தலாம். அறை வாடகை ஓர் இரவுக்கு நூற்றுக்கணக்கான டாலர். விருந்தினர் பணம் கொடுப்பது, பணமில்லாத காலத்தில் மாறாமல் போன பொருள்களுக்கு. காலி மரபுரிமை மன்றத்துக்கு 1994 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. சுவரையும் ஓட்டையும் சட்டத்தால் காக்க முடிகிறது. கோட்டைக்குள் பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகும் குடும்பங்கள் குறைந்து, தங்கும் வீடுகளும் காப்பிக் கடைகளும் பெருகுவதை அதே சட்டத்தால் நிறுத்த முடியவில்லை.

காலியின் விருந்தினரைப் பறித்துக்கொண்ட கிராண்ட் ஓரியண்டல் கொழும்புத் துறைமுக வாசலில் இன்னும் நிற்கிறது. பயணிக் கப்பல்களின் இடத்தை விமானம் பிடித்தபின் அதன் வாடிக்கையும் வற்றியது. இப்போது உரிமை இலங்கை வங்கியிடம். மேல்மாடி உணவகத்திலிருந்து பார்த்தால் கொள்கலன் தூக்கிகளும் சரக்குக் கப்பல்களும் தெரியும். சரக்குக்கு அறை வேண்டாம். நடுத்தர வாடகைக்கு அறை தரும் அந்தக் கட்டடம், 1960களில் நியூ ஓரியண்டல் இருந்த நிலையில் இருக்கிறது: தேய்ந்த படிக்கட்டு, புகழ்பெற்ற பழைய பெயர்கள், மராமத்துக்குப் போதாத வருமானம்.